காத்திருப்பையும் வரையுங்கள்

(காஞ்சிபுரத்தில் நெசவாளர்களும் கூட்டுறவுச் சங்க ஊழியர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேலைத்திட்ட அட்டவணை வரையும் மென்பொருள்களில் அண்மைக் காலத்தில் என்னென்ன புதிய வசதிகள் வந்திருக்கின்றன என்று பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பாலம் கட்டுகிறவர்களும் மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டுகிறவர்களும் நாள்தோறும் திறந்து பார்க்கிற மென்பொருள்கள் இவை. இந்த ஊரில் இதைப் பேச எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவை தறியை விட்டு இறங்குவதற்குள் எத்தனை பேருடைய கைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் படுகின்றன! ஒரு கை தாமதித்தால் அடுத்த கை சும்மா இருக்கிறது. அப்படிச் சும்மா இருக்கும் நாளுக்கு யாரும் கூலி தருவதில்லை. அந்த நாளைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன். மென்பொருள் அதற்கு ஒரு கருவி.

முதலில் தறிக்கு முன்னால் நடக்கும் வேலைகளை வரிசையாக நினைவுபடுத்திக்கொள்வோம். இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு இது பாலபாடம். மாணவர்களுக்காகச் சொல்கிறேன். கர்நாடகத்திலிருந்து கச்சாப் பட்டு வருகிறது. அதற்கு முறுக்கேற்ற வேண்டும். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் போட்டு அதன் பசையை எடுக்க வேண்டும். சாயம் தோய்த்து உலர்த்த வேண்டும். உலர்ந்த நூலை இழைக்க வேண்டும். பாவு ஓட்ட வேண்டும். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்துச் சீர் செய்ய வேண்டும். பிறகு புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் தறியில் நிற்கிற பழைய பாவின் இழையோடு பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றைக்கூட விட முடியாது. இதற்கிடையில் ஜரிகை வந்திருக்க வேண்டும், சூரத்திலிருந்தோ, 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்திலிருந்தோ. கரைக்குப் புது டிசைன் என்றால் ஜக்கார்டு அட்டை தயாராக இருக்க வேண்டும். கோர்வைப் புடவையாக இருந்தால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓடும். பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள் உட்கார்ந்தால்தான் தறி நகரும். முந்தானைக்கு வேறு நிறம் கேட்டிருந்தால், உடல் பாவின் இழைகளோடு முந்தானைப் பாவின் இழைகளைச் சேர்க்கிற வேலை தனியாக நிற்கிறது.

இதைப் படமாக வரையலாம். மேலே இடமிருந்து வலமாக நாட்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக வேலைகள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அது தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள்வரை ஒரு பட்டை. இவ்வளவுதான் கான்ட் சார்ட் என்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் படம். அம்புக்குறி போட்டு ஒரு பட்டையை இன்னொன்றோடு இணைத்தால், எது முடிந்தபின் எது தொடங்கும் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தறிக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பாவில் மூன்று புடவை. புடவைக்குப் பன்னிரண்டு நாள் என்றால் நெசவுக்கு 36 நாள். நூல் சாயத்துக்குப் போனதிலிருந்து கஞ்சி போட்ட பாவாகக் கைக்கு வர 12 நாள். பிணைக்க 3 நாள். பழைய பாவு முழுக்க இறங்கிய பிறகுதான் புது நூல் சாயத்துக்குப் போகிறது என்றால் ஒரு சுற்றுக்கு 51 நாள் ஆகிறது. மூன்றாவது புடவையைத் தொடங்கும் அன்றே புது நூல் சாயத்துக்குப் போனால், அந்தப் புடவை இறங்கும் நாளில் பாவு வாசலில் இருக்கும். சுற்று 39 நாளாகிவிடும். விடுமுறைகளைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் ஆண்டுக்கு ஏழு பாவு என்பது ஒன்பது பாவாகிறது. ஆறு புடவைக் கூலி கூடுதலாக அந்தக் குடும்பத்துக்கு வருகிறது. நெசவாளி ஒரு நாடாவைக்கூட வேகமாக வீசவில்லை என்பதைக் கவனியுங்கள். கைத்தறியை முன்னேற்றுவது பற்றிப் பேசும்போதெல்லாம் நெசவாளியின் வேகத்தைக் கூட்டுவது பற்றியே பேசுகிறோம். நான் பார்த்தவரையில் நேரம் தறியில் தொலைவதில்லை. பாவுக்கும் பாவுக்கும் நடுவில் தொலைகிறது.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, பிறகு ஏன் நூல் முன்கூட்டியே சாயத்துக்குப் போவதில்லை என்று நீங்கள் கேட்கலாம். போகாததற்குக் காரணங்கள் இருக்கின்றன. முன்கூட்டியே நூல் வாங்கினால் அந்தப் பணம் அங்கே முடங்குகிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியிலும் இல்லை. விற்பனை மந்தமாக இருக்கும்போது பாவு கொடுப்பதை நிறுத்தி வைப்பார்கள். தங்கம், வெள்ளி விலை ஏறும்போது ஜரிகை வாங்கத் தயங்குவார்கள். இவை சங்கத்துக்கோ முதலாளிக்கோ நியாயமான கவலைகளாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கவலையின் செலவு எழுத்தில் எங்கும் வராமல் தறிக்காரர் வீட்டில் போய் இறங்குகிறது. காத்திருக்க வைப்பது ஒரு முடிவு. அந்த முடிவு படத்தில் வர வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இந்த வாதம் எனக்குப் புதிதாகத் தோன்றியதல்ல. படத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தவரே ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். ஹென்றி கான்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1861இல் பிறந்து 1919இல் இறந்தவர். தொடக்கத்தில் ஒவ்வொரு தொழிலாளியும் அன்றைய வேலையை முடித்தாரா என்று குறிக்கும் படங்களைத்தான் அவர் போட்டார். போகப்போக அவர் கவனம் இயந்திரங்கள் சும்மா நிற்பதன்மேல் திரும்பியது. சும்மா நிற்கும் இயந்திரத்தின் செலவைப் பொருளின் விலையில் ஏற்றக் கூடாது, அது நிர்வாகத்தின் கணக்கில் சேர வேண்டும் என்று 1915இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் படித்த கட்டுரையில் வாதாடினார். முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்கலத் தயாரிப்பிலும் கப்பல் கட்டுமானத்திலும் அவருடைய படங்கள் பயன்பட்டன. அவர் இறந்தபின் 1922இல், அவரோடு வேலை செய்த வாலஸ் கிளார்க் இந்தப் படங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் வரும் படங்களில் பட்டைகளோடு ஒற்றை எழுத்துகளும் இருக்கின்றன. இயந்திரம் நின்ற இடத்தில், ஏன் நின்றது என்பதற்கு ஓர் எழுத்து: மூலப்பொருள் வராததற்கு ஒன்று, ஆள் இல்லாததற்கு ஒன்று, பழுதுக்கு ஒன்று, விடுமுறைக்கு ஒன்று. நூறு ஆண்டுக்கு முந்திய அந்தக் காகிதத்தைப் பார்த்தால் எந்த நாள் யாரால் வீணானது என்பது கண்ணுக்குத் தெரியும். இன்றைய மென்பொருள்கள் பட்டையை எடுத்துக்கொண்டன. எழுத்தை விட்டுவிட்டன. எத்தனை புதுப் பதிப்பு வந்தாலும் இந்த இழப்பு என்னை உறுத்துகிறது.

இன்னொருவர் பெயரையும் சொல்ல வேண்டும். போலந்து நாட்டுப் பொறியாளர் கரோல் அடாமியெத்ஸ்கி 1896ஆம் ஆண்டிலேயே இதே வகைப் படம் ஒன்றை உருவாக்கிவிட்டார். காகிதப் பட்டிகளை நகர்த்தி நகர்த்தி வேலை வரிசையை மாற்றிப் பார்க்கலாம். எந்த வேலைக்கு முன் எது, பின் எது என்ற குறிப்பும் அதில் இருந்தது. கான்ட் போட்ட பட்டைப் படத்தில் அந்த முன்பின் தொடர்பு இல்லை. அந்த வகையில் போலந்துக்காரரின் படம் ஒரு படி மேல். அவர் போலிஷிலும் ரஷ்யனிலும் எழுதியதால் மேற்கு உலகம் நெடுங்காலம் அதை அறியவில்லை. தமிழில் தொழில்நுட்பம் எழுத நினைக்கும் மாணவர்கள் இதனால் சோர்ந்துவிட வேண்டாம். அவருடைய படம் அவருடைய உருக்காலைகளுக்குப் பயன்பட்டது. முதல் தேவை அதுதான்.

முன்பின் தொடர்பைக் கணக்காக்கியது 1950களின் பிற்பகுதி. டூபான்ட் என்ற ரசாயன நிறுவனமும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து 1957இல் ‘கிரிட்டிகல் பாத்’ முறையை உருவாக்கின. ஒரு திட்டத்தில் நூறு வேலை இருக்கலாம். அவற்றில் ஒரு வரிசை மட்டும், அதில் எந்த வேலை ஒரு நாள் தள்ளினாலும் மொத்தத் திட்டமும் ஒரு நாள் தள்ளிப்போகும்படி இருக்கும். அந்த வரிசையைக் கண்டுபிடித்துக் காட்டுவதுதான் இந்த முறை. மென்பொருளில் அது பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் தெரியும். நமது கணக்கில் பழைய பாவு இறங்கியபின் நூல் சாயத்துக்குப் போனால், சாயக்காரரின் தொட்டி சிவப்பு வரிசையில் வந்துவிடுகிறது. அவர் ஒரு நாள் தாமதித்தால் தறி ஒரு நாள் சும்மா நிற்கும். மூன்றாவது புடவை தொடங்குவதற்கும் சில நாள் முன்பே நூல் போயிருந்தால் அவருக்கும் மூச்சுவிட இடமிருக்கும்.

அடுத்த ஆண்டு, 1958இல், அமெரிக்கக் கடற்படை தன் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பெர்ட்’ முறையைக் கொண்டுவந்தது. ஒரு வேலைக்கு ஒரே எண்ணைச் சொல்லாமல் மூன்று எண் சொல்லச் சொன்னது: எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை நாள், எல்லாம் கெட்டுப்போனால் எத்தனை நாள். வழக்கமான எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். ஒரு புடவை 10 நாளில் முடியலாம், வழக்கமாக 14, ஐப்பசி மழையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிட்டால் 30. பத்தும் ஐம்பத்தாறும் முப்பதும் தொண்ணூற்றாறு. ஆறால் வகுத்தால் 16. கடைக்காரரிடம் பதினான்கு நாள் என்று வாக்குக் கொடுக்கிறவர் மழையின் பங்கைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். பதினாறு என்று சொல்கிறவர் கணக்கறிந்து சொல்கிறார்.

இப்போது மென்பொருளுக்கு வருகிறேன். பிரைமவேரா 1983இல் வந்தது. மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்டின் முதல் பதிப்பு 1984இல். இன்று பெரிய கட்டுமானங்களில் இவை இரண்டும் பரவலாகப் பயன்படுகின்றன. இலவசமாகக் கிடைப்பவற்றில் 2003இலிருந்து வளர்ந்துவரும் கான்ட்புராஜெக்ட்டும், 2012இல் வந்த புராஜெக்ட்லிப்ரேயும் ஒரு சங்கத்தின் தேவைக்குத் தாராளமாகப் போதும். தொடங்குகிறவர்கள் இலவச மென்பொருளிலேயே தொடங்குங்கள் என்பது என் திட்டவட்டமான ஆலோசனை. மாதச் சந்தா கட்டித்தான் ஓர் அட்டவணையைத் திறக்க முடியும் என்றால், கூலிக்கு நெய்கிறவருக்கு அது எட்டாது.

வசதிகளில் எனக்கு முதன்மையாகப் படுவது காலண்டர். இது பழைய வசதிதான், ஆனால் ஆண்டுக்காண்டு நுட்பமாகியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்டைத் திறந்தவுடன் அது எடுத்துக்கொள்ளும் வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டு முதல் பன்னிரண்டு, பகல் ஒன்று முதல் ஐந்து. காஞ்சிபுரத்தில் எந்தத் தறி இந்த நேரத்துக்கு ஓடுகிறது? அமாவாசையன்று தறியில் உட்காராத குடும்பங்கள் உண்டு. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருடசேவை, மாசியில் காமாட்சியம்மன் உற்சவம், பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் உற்சவம் என்று ஊரே தெருவில் நிற்கும் நாட்கள் உண்டு. இவற்றை மென்பொருளிடம் சொல்ல முடியும். ஆளுக்கு ஒரு காலண்டர், வேலைக்கு ஒரு காலண்டர் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். தெருவில் பாவு நீட்டும் வேலைக்கு விடியற்காலை மட்டும், அதிலும் மழையில்லாத மாதங்கள் மட்டும் என்று வரையறுத்துவிடலாம். சாயம் தோய்த்த நூல் உலர்வதற்கு ஞாயிற்றுக்கிழமையும் இரவும் கிடையாது. அது தன்பாட்டில் உலரும். அத்தகைய வேலைகளை வேலை நேரக் கணக்கிலிருந்து விலக்கி, தொடர்ச்சியாக ஓடும் நேரமாகக் குறிக்கவும் வழி இருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் தீராமல் இருக்கிறது. ‘ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை விடுமுறை’ என்றால் மென்பொருளுக்குப் புரியும். ‘ஒவ்வொரு அமாவாசையும்’ என்றால் புரியாது. அது ஆங்கிலத் தேதியில் நகர்ந்துகொண்டே இருக்கும். பங்குனி உத்திரமும் அப்படித்தான். யாராவது பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆண்டுக்கு ஒருமுறை நாட்களை உள்ளிட வேண்டும். மாணவர்களே, இது ஒரு மாலை நேர வேலை. காஞ்சிபுரத்துக்கென்று ஒரு காலண்டர் கோப்பு தயாரித்து ஆண்டுதோறும் எல்லாச் சங்கங்களுக்கும் கொடுத்துவிடலாம். அமாவாசை, கோயில் உற்சவம், முகூர்த்த நாட்கள், பள்ளித் தேர்வு நாட்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். தேர்வு நாள் எதற்கு என்றால், பிள்ளைகளுக்குத் தேர்வு நடக்கும் வாரத்தில் சிறிய வீட்டில் தறிச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் தாய்மார்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, ஒரே ஆளுக்குப் பல இடத்தில் வேலை விழுவதைக் காட்டும் வசதி. பாவு பிணைக்கத் தெரிந்தவர்களும் தெருப்பாவு போடுகிறவர்களும் முன்போல் ஊருக்குள் நிறையப் பேர் இல்லை. ஒரே வாரத்தில் எட்டுத் தறிகளில் பாவு இறங்கினால் எட்டு வீடும் ஒரே ஆளைத் தேடும். சங்கத்தின் எல்லாத் தறிகளையும் ஒரே அட்டவணையில் போட்டால், அந்த வாரம் அவருக்கு எதிரே சிவப்பாகத் தெரியும். ‘ரிசோர்ஸ் லெவலிங்’ என்ற வசதி, யாருடைய வேலையை இரண்டு நாள் தள்ளினால் எல்லோருக்கும் ஒத்துவரும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும். அந்தக் கணக்கை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவருடைய தறியை மென்பொருள் தள்ளிவிடலாம். அதற்கு அது தெரியாது. அதனால்தான் 2010 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட், நாளைக் கையாலேயே குறித்து இயந்திரம் அதைத் தொடாதபடி வைத்துக்கொள்ளும் வசதியைச் சேர்த்தது. ஒரு வேலையை அழிக்காமல் தற்காலிகமாக அணைத்துவிட்டு, அது இல்லையென்றால் என்ன ஆகும் என்று பார்க்கும் வசதியும் அதே பதிப்பில்தான் வந்தது. 2013இல் ஒரு பட்டையைத் தொட்டால் அதற்கு முன்னால் தொங்கும் வேலைகளும் பின்னால் தொங்கும் வேலைகளும் தனி நிறத்தில் தெரியும்படி செய்தார்கள். ஒரு புடவை ஏன் தாமதமானது என்று கேட்கும் இடத்தில் இதைப் போலப் பயன்படும் வசதி வேறில்லை. தறிப் பட்டையைத் தொட்டால் தப்பு எங்கே தொடங்கியது என்பதைப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

‘பேஸ்லைன்’ என்பது தொடக்கத்தில் போட்ட திட்டத்தை அப்படியே உறைய வைப்பது. நடப்பது மாறிக்கொண்டே போனாலும், பட்டைக்கு அடியில் பழைய பட்டை மெல்லிய கோடாக நிற்கும். வாக்குக் கொடுத்த நாள் எது, பாவு வந்த நாள் எது என்று யாரும் பின்னால் மாற்றிச் சொல்ல முடியாது. சங்கங்கள் இந்த ஒரு வசதியை மட்டும் பயன்படுத்தினாலே பாதி மனத்தாங்கல் குறையும் என்பது என் நம்பிக்கை.

பலர் ஒரே அட்டவணையை இணையம் வழியாகத் திறந்து ஒரே நேரத்தில் திருத்துவது, கைப்பேசியில் பார்ப்பது ஆகியவை இப்போது ஏறக்குறைய எல்லா மென்பொருளிலும் வந்துகொண்டிருக்கின்றன. விரிவாகச் சொல்ல அதிகமில்லை. தமிழ் எழுத்து அச்சுக்குப் போகும்போது சிதையாமல் வருகிறதா என்று முதலிலேயே ஒரு பக்கம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்பீர்கள். ‘இன்ன வேலை, இன்ன நாளுக்குள்’ என்று ஒரு வரி எழுதினால் வேலைகளைப் பிரித்து, நாள் குறித்து, அட்டவணையை வரைந்து கொடுக்கும் வசதிகள் வந்துவிட்டன. கட்டடத்துக்கும் மென்பொருள் தயாரிப்புக்கும் அவை ஓரளவு பொருந்தும். அவற்றைப் பற்றி உலகில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கோர்வைக்குத் துணை ஆள் வேண்டும் என்பதும், மழை நாளில் பாவு நீட்ட முடியாது என்பதும் அப்படி எழுதப்படவில்லை. கேட்டால் தயங்காமல் ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். அந்த எண்ணை நம்பி ஒரு குடும்பத்தின் வருமானத்தை நிர்ணயிக்கக் கூடாது. உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்லும் நாள்கணக்கு முதலில் அட்டவணையில் ஏறட்டும்.

கோயில் ஊர் என்பதால் இன்னொரு வசதியையும் சொல்லியாக வேண்டும். சாதாரணமாக அட்டவணை தொடங்கும் நாளிலிருந்து முன்னோக்கிப் போகும். முடியும் நாளைக் கொடுத்துப் பின்னோக்கி வரவும் மென்பொருளில் வழியுண்டு. நம்மூரில் பெரும்பாலான வேலைகள் அப்படித்தான் நடக்கின்றன. முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, கூறைப்புடவை அதற்கு இத்தனை நாள் முன்னால் கையில் இருக்க வேண்டும், அப்படியானால் நூல் எப்போது சாயத்துக்குப் போக வேண்டும்? கும்பாபிஷேகமும் அப்படியே. நாள் முடிவானதும் யாகசாலை, கலசம், கோபுரத்துச் சாரம் பிரிப்பது என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வரும். பாலாலயம் முடியாமல் திருப்பணி தொடங்க முடியாது என்பதைவிடத் தெளிவான முன்பின் தொடர்பு எந்தப் பாடநூலிலும் இல்லை.

வரதராஜப் பெருமாள் கோயிலின் அத்திவரதரை எடுத்துக்கொள்ளுங்கள். 1939, 1979, 2019 என்று நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளுகிறார். 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள். ஜூலை முழுவதும் சயனக் கோலம், ஆகஸ்ட் 1இலிருந்து நின்ற கோலம். தொடங்கும் நாளும் முடியும் நாளும் அசையாது. நடுவில் எத்தனை லட்சம் பேர் வந்தாலும், மழை பெய்தாலும், 48க்குள் அடங்க வேண்டும். குளத்து நீரை இறைப்பதிலிருந்து தடுப்புக் கட்டைகள், குடிநீர், பேருந்து, மருத்துவ முகாம் என எல்லா வேலைகளும் அந்த இரண்டு தேதிக்குக் கட்டுப்பட்டவை. அடுத்தது 2059. அந்த வேலையைச் செய்யப்போகிறவர்கள் இன்று சிறு பிள்ளைகள் அல்லது இன்னும் பிறக்காதவர்கள். 2019இன் அட்டவணைகளும், எங்கே திட்டம் பிசகியது என்ற குறிப்பும் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். எந்தக் கோப்பில் வைப்பது? 1979இல் மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்டே பிறக்கவில்லை. அதன் இணையவழிச் சேவையான புராஜெக்ட் ஆன்லைனை 2026 செப்டம்பர் 30உடன் நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்திருக்கிறது. பெரிய நிறுவனத்தின் சேவைக்கே ஆயுள் இவ்வளவுதான். ஆகவே திறந்த வடிவக் கோப்பாக ஒன்று, நல்ல தாளில் அச்சிட்டது ஒன்று என இரண்டு வகையில் வைக்க வேண்டும். அச்சிட்ட தாளை நான் சற்றுக் கூடுதலாக நம்புகிறேன்.

இனி ஓர் எச்சரிக்கை. அட்டவணை யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அது உதவும். சங்க அலுவலகத்துக் கணினியில் மட்டும் அது இருந்தால், ‘உன் பட்டை சிவப்பாக இருக்கிறது, ஏன் தாமதம்’ என்று நெசவாளியைக் கேட்கும் கருவியாக நாளடைவில் மாறிவிடும். அதே படத்தை அவர் கையில் கொடுங்கள். ‘பாவு இன்ன தேதிக்கு வர வேண்டியது, பதினோரு நாள் கழித்து வந்தது’ என்று அவர் கேட்பார். இரண்டு கேள்விக்கும் படத்தில் இடம் இருக்க வேண்டும். ஒரு தறி சும்மா நின்றால் அதன் காரணத்தைத் தறிக்காரரே எழுத வேண்டும். அவர் எழுதியதை வேறொருவர் திருத்தக் கூடாது. அட்டவணையை வைத்து அபராதமோ கூலிப் பிடித்தமோ செய்வது கூடாது. இதை முதல் நாளே சங்கத் தீர்மானமாக எழுதிவைத்துவிட்டுப் பிறகு மென்பொருளைத் திறங்கள்.

காரணம் எழுத வசதி இல்லையென்று சொன்னேனே, அதை நாமே செய்துகொள்ளலாம். நான் பெயர் சொன்ன மென்பொருள்களில் நமக்கு வேண்டிய புதுப் பத்தி ஒன்றைச் சேர்க்க இடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குக் ‘காரணம்’ என்று பெயர் வையுங்கள். நூல் வரவில்லை என்றால் ‘நூ’. ஜரிகை இல்லை என்றால் ‘ஜ’. மழைக்கு ‘ம’. துணை ஆள் கிடைக்காததற்குத் ‘து’. தறிப் பழுதுக்குப் ‘ப’. ஆர்டர் இல்லை, கொடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றால் ‘ஆ’. விழாவுக்கு ‘வி’. சும்மா நிற்கும் நாளையும் ஒரு வேலையாகவே பாவித்து அதற்கு ஒரு பட்டை போடுங்கள். நெசவுப் பட்டைக்கு ஒரு நிறம் என்றால் காத்திருப்புக்கு வேறு நிறம். ஓர் ஆண்டு முடிந்ததும் எந்த எழுத்து எத்தனை நாள் என்று கூட்டிப் பார்க்கலாம். ‘ம’ அதிகம் என்றால் குழித்தறிக்குத் தண்ணீர் புகாத வழி தேட வேண்டும். ‘து’ அதிகம் என்றால் துணை ஆளுக்குக் கொடுக்கும் கூலியைப் பற்றிப் பேச வேண்டும். ‘ஆ’ அதிகம் என்றால் விற்பனை பற்றிப் பேச வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றையும் சேர்த்து ‘கைத்தறிக்கு நெருக்கடி’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தால் எந்த மருந்தும் கிடைக்காது.

மாணவர்களிடமும் சங்க ஊழியர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். வரும் தை மாதத்தில் உங்கள் தெருவில் ஒரே ஒரு தறியைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, நூல் சாயத்துக்குப் போகும் நாளிலிருந்து மூன்றாவது புடவை இறங்கும் நாள்வரை ஒரு பாவுக்கு அட்டவணை போடுங்கள். காத்திருந்த நாட்களைக் காரண எழுத்தோடு குறித்துக்கொண்டே வாருங்கள். முடிந்ததும் பெரிய தாளில் அச்சிட்டு ஒரு பிரதியைத் தறிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டுங்கள்; இன்னொரு பிரதியைச் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு எடுத்துச் செல்லுங்கள். பாவு வராத நாளுக்கு யார் பொறுப்பு, அந்த நாளுக்கு நெசவாளிக்கு என்ன கொடுப்பது என்று அங்கே கேளுங்கள்.